பழைய பெஜோ யூ.ஓ.-8 சைக்கிளுக்கு எந்தப் பாகம் பொருந்தும்: வாங்குவோருக்கான மதிப்பீடு

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தபோது, பிரான்சின் பெஜோ நிறுவனம் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பிய மாடல்களில் யூ.ஓ.-8 முக்கியமானது. பந்தயத்துக்கென்று செய்த பி.எக்ஸ்.-10 மாடலைப் போல ரெய்னால்ட்ஸ் 531 என்ற உயர்தர எஃகுக் குழாயில் உருவானதல்ல அது. சாதாரணக் கார்பன் எஃகுக் குழாய்களை லக் (குழாய்கள் சேரும் இடத்து உறை) வைத்துப் பற்றவைத்த ஃபிரேம், பத்து கியர், வளைந்த ஹேண்டில்பார், ஏறத்தாழ 13 கிலோ எடை, அவ்வளவுதான். 1975-லும் 1977-லும் பெர்னார் தெவனே டூர் து பிரான்ஸ் பந்தயத்தை வென்றது பெஜோ அணியின் கட்டம்போட்ட சட்டையில் என்பதால் அந்தப் பெயருக்கு இன்றும் மவுசு குறையவில்லை. அவர் ஓட்டியது யூ.ஓ.-8 அல்ல என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. ஏராளமாக விற்ற மாடல் என்பதால் பழைய பொருள் சந்தைகளில் இன்றும் இது குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சைக்கிளை வாங்குவது எளிது. அதை மறுபடி ஓடவைக்கப் பாகம் வாங்கும்போதுதான் பணம் கரைகிறது. அதற்காகச் சந்தையில் இன்று விற்கும் பாகங்களில் எவை உண்மையில் பொருந்துகின்றன, பொருந்துபவற்றிலும் எவற்றுக்குச் செலவு செய்வது தகும் என்பதே இந்த மதிப்பீடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சைக்கிளுக்கென்று விற்கப்படும் சிறப்புப் பாகங்களில் பாதிக்கு மேல் தேவையில்லாதவை. பிரெஞ்சு அளவில் இருக்கும் பழைய பாகம் தேயாமல் இருந்தால், அதைக் கழற்றிக் கழுவி, புதிய பால்ரஸும் (பேரிங் குண்டுகள்) கிரீஸும் வைத்து மூட்டுவதைவிட நல்ல தீர்வு எந்தக் கடையிலும் கிடைக்காது. சக்கரம், ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு), பிரேக் கட்டை ஆகிய மூன்றில் மட்டும் தயங்காமல் செலவு செய்யலாம். மற்றவை சைக்கிளின் நிலையைப் பொறுத்தவை.

பொருத்தம் என்பது ஏன் இவ்வளவு பெரிய தலைவலி என்று கேட்டால், சர்வதேச அளவுகள் நிலைபெறும் முன்பு ஒவ்வொரு நாடும் தன் தன் மரையை (திருகுப்புரி) வெட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் அளவுகள் அங்குலத்தில் இருந்தன. பிரான்சின் அளவுகள் முழுக்க மில்லிமீட்டரில். வேறுபாடு பெரிதாக இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், ஆபத்தும் இருக்காது. இங்கே வேறுபாடு மயிரிழை. பெடல் கைகளை (கிராங்க்) இணைக்கும் ஆக்சில் சுழலும் பாகமான பாட்டம் பிராக்கெட்டின் (பி.பி.) பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டமும் மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளியும் கொண்டது; ஆங்கில மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. மில்லிமீட்டரில் சொன்னால் 34.8 விட்டம், 1.058 இடைவெளி. எனவே ஆங்கில பி.பி. கப்பை (பால்ரஸைத் தாங்கும் மரை வளையம்) எடுத்துப் பிரெஞ்சு ஃபிரேமின் இடப்பக்கத்தில் வைத்துத் திருகினால் அது சமர்த்தாக உள்ளே இறங்கத் தொடங்கும்; சில சுற்றுகள் போனதும் இறுகி நிற்கும். அந்த இடத்தில் ஸ்பேனரைப் போட்டு அழுத்துபவர் கப்பை இழக்க மாட்டார், ஃபிரேமின் மரையை இழப்பார். வலப்பக்கத்தில் இந்த ஏமாற்றம்கூட நடக்காது, ஏனென்றால் ஆங்கில முறையில் வலப்பக்கக் கப் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால் இறுகுவது); பிரெஞ்சு முறையில் இரு பக்கமும் வலது மரை.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் பெஜோ சுவிஸ் மரைக்கு மாறியது. அதன் விட்டமும் இடைவெளியும் பிரெஞ்சு மரைக்குச் சமம். வலப்பக்கம் மட்டும் இடது மரை. ஆகவே ஃபிரேமின் வயதை வைத்து ஊகிக்காமல், வலப்பக்கக் கப் எந்தத் திசையில் கழல்கிறது என்று பார்த்த பிறகே எதையும் வாங்க வேண்டும். சுவிஸ் முறைக்குக் காரணம் உண்டு: மிதிக்கும்போது உருளும் பால்ரஸ், ஆக்சில் சுழலும் திசைக்கு எதிராகக் கப்பைத் திருப்பிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சு ஃபிரேமின் வலப்பக்கக் கப் ஓட ஓடத் தளர்வது இதனால்தான். போல்ட், நட்டு, வாஷர்கள் கொண்டு கப்பை இறுக்கிப் பிடித்துத் திருகும் எளிய கருவி ஒன்றை அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் விளக்கிவைத்திருக்கிறார். 2008-ல் காலமான அவர் தொகுத்த அளவு அட்டவணைகள் இல்லாமல் பழைய பிரெஞ்சு சைக்கிளில் கைவைக்கும் மெக்கானிக் அநேகமாக யாரும் இல்லை.

இந்தப் பாட்டம் பிராக்கெட்டுக்குப் புதிதாகக் கிடைப்பவற்றில் முதலில் சொல்ல வேண்டியது பில் உட் நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ். 1971-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இந்த நிறுவனம், மூடிய பேரிங்குகளைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. இதன் அமைப்பு புத்திசாலித்தனமானது. ஆக்சிலும் பேரிங்கும் ஒரே உருளையில் அடங்கியிருக்க, அதை ஃபிரேமில் பிடித்துக்கொள்ளும் இரண்டு மரை வளையங்கள் தனியாக விற்கப்படுகின்றன; ஆங்கிலம், இத்தாலி, பிரெஞ்சு, சுவிஸ் எந்த மரையும் கேட்டு வாங்கலாம். வளையங்களுக்கு விளிம்பு இல்லாததால் மொத்த உருளையையும் சில மில்லிமீட்டர் இடமோ வலமோ நகர்த்தி, செயின் நேராக ஓடும்படி வைக்க முடிகிறது. பழைய ஃபிரேமில் புதிய கிராங்க் மாட்டும்போது இந்த வசதியின் அருமை தெரியும். குறை என்றால் விலைதான்: சாதாரண ஷிமானோ கார்ட்ரிட்ஜைப்போலப் பல மடங்கு. மாட்டுவதற்கு அதற்கே உரிய கருவி வேறு வேண்டும். ஃபிரேமே இதைவிடக் குறைந்த விலைக்கு வந்திருக்கும்போது இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பி.எக்ஸ்.-10 வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம்.

வெலோ ஆரஞ்ச் நிறுவனம் விற்கும் மரையில்லா பாட்டம் பிராக்கெட் இரண்டாவது வழி. இது மரையை நம்புவதே இல்லை. இரு பக்கத்திலிருந்தும் நுழையும் பகுதிகள் நடுவில் ஒன்றோடொன்று இறுகும்போது, சரிவான வளையங்கள் விரிந்து ஃபிரேமின் உட்சுவரைப் பற்றிக்கொள்கின்றன. முந்தைய உரிமையாளர் யாரோ தவறான கப்பை முறுக்கி மரையைக் கெடுத்துவைத்த ஃபிரேமுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் ஃபிரேமின் இரு முகமும் சமதளமாக இருந்தால்தான் இது நேராக உட்காரும். பெயிண்ட் திரண்டோ வெட்டுப்பட்டோ இருந்தால் முதலில் பட்டறையில் முகத்தைச் சீவ வேண்டும். மரை நன்றாக உள்ள ஃபிரேமுக்கு இதை வாங்க வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஃபிரேமையே 36 மி.மீ. இத்தாலிய மரைக்கு மறுவெட்டு செய்து தருகிறோம் என்று சில பட்டறைகள் சொல்லும். வெட்டிய உலோகம் திரும்பி வராது, இத்தாலிய முறையிலும் வலப்பக்கம் வலது மரையே என்பதால் தளரும் தொல்லையும் தீராது. அதைத் தவிர்ப்பது நல்லது.

இவை எல்லாம் சதுர முனை ஆக்சிலுக்கு மாறுபவர்களுக்கு. யூ.ஓ.-8 கடையிலிருந்து வந்தபோது அதில் இருந்தது காட்டர் பின் (கிராங்கை ஆக்சிலோடு பூட்டும் ஆப்பு) வைத்த எஃகுக் கிராங்க். தமிழ்நாட்டுச் சைக்கிள் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றவருக்குக்கூடக் காட்டர் பின் தெரிந்த பொருள். வெளிநாட்டில்தான் அதைக் கண்டு மிரள்கிறார்கள். நான் அதை அப்படியே வைத்துக்கொள்ளவே சொல்வேன். கப்பிலும் ஆக்சிலிலும் பால்ரஸ் ஓடும் தடத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்: தடம் மங்கிய பட்டையாக இருந்தால் கவலை இல்லை, அம்மைத் தழும்பாகக் குழிகள் இருந்தால் மாற்ற வேண்டும். குழி இல்லாவிட்டால் பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலப் பால்ரஸ் போதும், செலவு சொற்பம். பின் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. பரவலாக விற்பது ஆங்கில அளவான 9.5 மி.மீ.; பிரெஞ்சுக் கிராங்குக்குத் தேவை 9 மி.மீ. பருத்த பின்னை அராவி மெலிதாக்கிச் செருகுவதும், மெலிந்த பின்னை 9.5 துளையில் போட்டு இறுக்குவதும் ஒன்றுபோல் கெடுதி. சரியான பின் கிடைத்தபின் அதன் சரிவான முகத்தைத்தான் அரத்தால் பக்குவப்படுத்த வேண்டும். இரண்டு பின்னின் சரிவும் ஒரே கோணத்தில் இருந்து, ஒன்றுக்கொன்று எதிர்முகமாகச் செருகினால்தான் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்கும். சுத்தியலால் அடித்து இறக்கினால் அந்த அடி நேராகப் பால்ரஸ் தடத்தில் இறங்கும். காட்டர் பின்னை அழுத்தி இறக்கும் கைக்கருவி விற்கிறது. இந்தச் சைக்கிளுக்காக வாங்கும் கருவிகளில் முதலிடம் அதற்கே.

ஹேண்டில்பாரும் போர்க்கும் திரும்புவதற்கான பேரிங் தொகுதியான ஹெட்செட்டில் பிரெஞ்சு அளவு 25 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி; இப்போதைய பொது அளவு 25.4 மி.மீ., அங்குலத்துக்கு 24. பிரெஞ்சு மரையில் முழு ஹெட்செட் தேடுபவர்கள் பெரும்பாலும் வீணாக அலைகிறார்கள். ஹெட்செட்டில் குழி விழுவது கீழ்ப்பகுதியில்தான். ரோட்டின் குலுக்கல் எல்லாம் அங்கேதான் இறங்குகிறது. கீழ்ப்பகுதிக்கு மரையே கிடையாது. ஃபிரேமில் அழுத்திப் பொருத்தும் கப்பின் அளவு பிரெஞ்சிலும் பொது அளவிலும் 30.2 மி.மீ.; போர்க்கின் அடியில் உட்காரும் வளையத்துக்கான இடம் பிரெஞ்சில் 26.5, பொது அளவில் 26.4. எனவே சாதாரண ஹெட்செட் ஒன்றை வாங்கி அதன் கீழ்க் கப்பையும் அடி வளையத்தையும் மட்டும் சோடியாக எடுத்துக்கொண்டு, மரையுள்ள பழைய மேல்பகுதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஜப்பானிய அளவான 27.0 வளையத்தை மட்டும் தவறி வாங்கிவிடக் கூடாது, அது இதில் லொடலொடக்கும்.

ஸ்டெம் விஷயத்தில் சிக்கனம் கூடாது. அந்தக் கால யூ.ஓ.-8 பலவற்றில் இருப்பது ஆவா என்ற பெயர் பொறித்த அலுமினிய ஸ்டெம். போர்க் தண்டுக்குள் இறங்கும் குழாய் விரிவதற்காக அதில் வெட்டிய பிளவுகளின் முனையில் விரிசல் விட்டு, ஓடும்போதே ஒடியக்கூடியது என்று பழைய சைக்கிள் ஆர்வலர்களிடையே கெட்ட பெயர் எடுத்தது அது. பளபளவென்று மெருகேற்றி அலமாரியில் வைக்கலாம். சைக்கிளில் வைக்க வேண்டாம். மாற்று வாங்கும்போது அளவு குறுக்கே வரும்: பிரெஞ்சு போர்க்கின் உள்விட்டம் 22.0 மி.மீ., இப்போது விற்கும் ஸ்டெம் 22.2. இதற்கு நான் பரிந்துரைப்பது ஜப்பானின் நிட்டோ செய்யும் டெக்னோமிக். உயரமான ஸ்டெம் என்பதால் முதுகு வளைய விரும்பாதவர்களுக்கும் தோதானது, உலோகம் தரமானது, மெருகும் பழைய சைக்கிளோடு ஒட்டிப்போகிறது. விட்டத்தில் 0.2 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 0.1 மட்டுமே. எமரித் துணியைப் பட்டையாகக் கிழித்து, வைஸில் பிடித்த ஸ்டெம்மின் மேல் போட்டு இரு கையாலும் மாறிமாறி இழுத்து, அவ்வப்போது வெர்னியர் வைத்துப் பார்த்தால் அளவு வந்துவிடும். அடியில் இருக்கும் ஆப்புக்கட்டையையும் சேர்த்தே தேய்க்க வேண்டும். தேய்க்காமல் சுத்தியலால் தட்டி இறக்கினால் ஸ்டெம் இறங்கலாம், பிறகு வெளியே வராது. பழைய ஹேண்டில்பாரை வைத்துக்கொள்பவர்கள் 25.4 பிடியுள்ள ஸ்டெம்மையே கேட்டு வாங்க வேண்டும். பிரெஞ்சு ஹேண்டில்பார் 25.0. பெரும்பாலும் போல்ட்டை இறுக்கினால் பிடித்துக்கொள்ளும், வழுக்கினால் குளிர்பான டப்பாத் தகட்டில் ஒரு சுற்று வைத்தால் நின்றுவிடும்.

பெடல் சின்ன விஷயம். பிரெஞ்சு மரை 14 மி.மீ., இடைவெளி 1.25, பொது மரை 9/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 14.3 மி.மீ., இடைவெளி 1.27. இடைவெளி இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கிராங்கில் 9/16 டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டி எந்தப் புதிய பெடலையும் மாட்டலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. பழைய பிரெஞ்சு பெடலைப் புதிய கிராங்கில் மாட்டுவதைத்தான் செய்யக் கூடாது. அது மாட்டும், ஆடும், ஒருநாள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

சக்கரத்துக்கு வருவோம். இந்தச் சைக்கிளில் செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய சக்கரத்தில் மூன்று குறைகள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. முதலாவது, ரிகிடா எஃகு ரிம். வெயிலில் பரவாயில்லை, மழையில் நனைந்தால் பிரேக்கைப் பிடித்த பிறகும் சைக்கிள் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது, நார்மண்டி ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) பிரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) ஏறும் மரை. அது பிரெஞ்சு மரையாக இருந்தால் 34.7 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி, இப்போது விற்கும் பிரீவீல் எதுவும் அதில் ஒழுங்காக ஏறாது, பழைய இருப்பில் கிடைக்கும் ஆட்டம், மயார் பிரீவீல்களைத் தேடிப் போக வேண்டும். ஏற்றுமதிச் சைக்கிள்கள் சிலவற்றில் ஆங்கில மரை ஹப்பும் வந்திருப்பதால், பார்த்த மாத்திரத்தில் எதையும் சொல்லிவிட முடியாது. மூன்றாவது, 27 அங்குல டயர். இதன் உண்மையான ரிம் அளவு 630 மி.மீ.; இன்றைய 700சி அளவு 622. பெயரளவில் பெரிய வித்தியாசம் தோன்றாவிட்டாலும் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது.

அலுமினிய ரிம்மும் ஆங்கில மரை பிரீவீல் ஹப்பும் கொண்ட சாதாரண 700சி சக்கரச் சோடி ஒன்று இந்த மூன்றையும் ஒரே வீச்சில் தீர்த்துவிடுகிறது, எடையும் கணிசமாகக் குறைகிறது. ரிம் சிறிதாகும்போது பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பல சைக்கிள்களில் இந்த இடத்தில்தான் திட்டம் கவிழும், ஆனால் யூ.ஓ.-8-ல் இருக்கும் மாஃபாக் ரேசர் பிரேக்கின் கைகள் நீளமானவை, கட்டையை அந்த அளவு இறக்க அவற்றில் தாராளமாக இடமுண்டு. பின்சக்கரம் உட்காரும் கவட்டையின் அகலத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஐந்து பல்சக்கரப் பிரீவீலுக்காக அது ஏறத்தாழ 120 மி.மீ. அகலத்தில் இருக்கும், ஏழு பல்சக்கரம் வைத்த ஹப்புக்கு 126 வேண்டும். எஃகு ஃபிரேம் என்பதால் நிதானமாக விரிக்கலாம், ஆனால் இரு பக்கமும் சமமாக விரிந்ததா என்று தலைக்குழாயிலிருந்து பின் கவட்டைவரை நூல் கட்டிப் பார்த்தே விட வேண்டும். விரிக்க மனமில்லாதவர்களுக்காகச் சன்ரேஸ் ஐந்து பல்சக்கரப் பிரீவீலையும் செய்கிறது, ஷிமானோவின் டி.இசட். வரிசை ஆறு, ஏழு பல்சக்கரங்களில் வருகிறது. இரண்டுமே விலை மலிவு, வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அழகில் சுமார். பழைய சக்கரமே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குப் பானரேசர் பசேலா டயர் 27 அங்குலத்திலும் கிடைக்கிறது. பக்கவாட்டில் இளம்பழுப்பு நிறம், பழைய சைக்கிளின் முகத்தையே மாற்றிவிடும். எஃகு ரிம்மின் விளிம்பில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாததால், டயர் மேல் அச்சிட்ட உச்ச அளவுக்குக் காற்றடிக்காமல் 70 பி.எஸ்.ஐ. அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாஃபாக் பிரேக்கை மாற்றச் சொல்லும் யோசனைகளை நான் ஏற்கவில்லை. கிளெர்மோன்-ஃபெரானில் செய்யப்பட்ட இந்த நடு இழுவைப் பிரேக், அதன் காலத்தின் மிகச் சிறந்த பிரேக்குகளில் ஒன்று. மோசமாகப் பிடிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதான, கல்லாக இறுகிய ரப்பர்க் கட்டையோடும் உள்ளே துருப்பிடித்த கேபிளோடும் ஓட்டுபவர்கள். அமெரிக்காவின் கூல்-ஸ்டாப் நிறுவனம் மாஃபாக்குக்கென்றே அதே வடிவில் கட்டை செய்கிறது. அதன் செம்மஞ்சள் நிற ரகம் ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும், ரிம்மையும் அதிகம் தேய்க்காது. புதிய கேபிளும் உறையும் சேர்த்துப் போட்டால், இதே பணத்துக்குக் கிடைக்கும் புதிய பிரேக் எதுவும் இதன் அருகில் வராது. கிறீச்சென்ற சத்தம் மாஃபாக்கின் பிறவிக்குணம். கட்டையின் முன்முனை ரிம்மைச் சற்று முந்தித் தொடும்படி வைத்தால் சத்தம் அடங்கும், முழுவதும் போகும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

கியர் பகுதியில் நிலைமை நேர்மாறு. செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் சிம்ப்ளெக்ஸ் பிரெஸ்டீஜ் டெரெய்லரின் உடல் டெல்ரின் பிளாஸ்டிக். காலப்போக்கில் வெடிப்பது அதற்கு இயல்பாகிவிட்டது. வெடிக்காமல் இருந்தாலும் அது கியர் மாற்றும் விதத்தில் மெச்ச ஒன்றுமில்லை. ஜப்பானின் சன்டூர் 1964-லேயே சாய்வான இணைகர அமைப்பைக் கொண்டுவந்து பல்சக்கரங்களை ஒட்டியே செயினை நகர்த்தும் டெரெய்லரைச் செய்துவிட்டது. அந்தக் காப்புரிமை முடிந்த பிறகு மற்ற எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். யூ.ஓ.-8-ன் லீவரில் கிளிக் கிளிக்கென்று நிற்கும் இடங்கள் கிடையாது, உராய்வால் நிற்பதுதான். எனவே எந்த நிறுவனத்தின் டெரெய்லரும் அதோடு வேலை செய்யும். மாட்டும் இடம்தான் தடை: சிம்ப்ளெக்ஸ் வகைக் காதில் (ஃபிரேமில் டெரெய்லர் மாட்டும் துண்டு) இருப்பது மரையில்லாத துளை, மற்றவர்களுக்குத் தேவை 10 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி மரை. டேப் போட்டு மரை எடுக்கலாம்; ஆனால் சுழற்சியைத் தடுக்கும் நிறுத்தம் வேறு இடத்தில் இருப்பதால் சில டெரெய்லர்கள் கோணலாக உட்காரும். அந்தக் காதைத் தொடவே விரும்பாதவர்களுக்கு, ஆக்சிலில் கோத்துக்கொள்ளும் கொக்கித் தகட்டோடு வரும் ஷிமானோ டூர்னி போதும். சைக்கிள் கடைகளின் மிக மலிவான டெரெய்லர் அது. அந்தக் காலத்தின் உயர்ந்த ரகப் பிரெஞ்சு டெரெய்லர்களைவிடவும் சுத்தமாக மாற்றுகிறது. பழமைப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், அதற்கு நான் என்ன செய்ய? செயினுக்கு கே.எம்.சி.யின் எட்டு வேகச் செயின் ஒன்று போதும்; ஐந்து, ஆறு, ஏழு பல்சக்கரப் பிரீவீல் எல்லாவற்றிலும் ஓடும். புதிய முன் டெரெய்லரோ லீவரோ வாங்கினால் அதன் பட்டை 28.6 மி.மீ. குழாய்க்குச் செய்ததாக இருக்கும்; பிரெஞ்சுக் குழாய் 28.0 என்பதால் உள்ளே தகடு வைத்தே இறுக்க வேண்டும்.

வாங்கும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எல்லாப் பழைய ரேஸ் சைக்கிளுக்கும் பொருந்தும்" என்ற விளம்பரத்தோடு இணையத்தில் ஒருவர் விற்ற பி.பி. கப் சோடியில் ஒன்று இடது மரையாக இருந்தது. கேட்டதற்கு, பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. மரையின் அளவை மில்லிமீட்டரிலோ அங்குலத்திலோ எழுதாத விளம்பரத்தைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள். பல கடைகளில் தனித்தனியாக வாங்கினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகத் தபால் செலவு ஏறிவிடும். காட்டர் பின், பால்ரஸ், கேபிள் போன்றவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வாங்குவதே கட்டுப்படியாகும்.

சீட் தண்டு கடைசியாக வருகிறது, ஆனால் அளப்பதில் அதுவே முதலில் வர வேண்டும். யூ.ஓ.-8-ன் குழாய்ச் சுவர் தடித்தது, எனவே உள்விட்டம் குறுகல், பி.எக்ஸ்.-10-க்குரிய 26.4 மி.மீ. தண்டு இதில் நுழையாது, 24-ஐ ஒட்டிய அளவுதான் நுழையும், அந்த அளவில் புதிய அலுமினியத் தண்டு கிடைப்பது அரிது. பழைய எஃகுத் தண்டைத் துருநீக்கி கிரீஸ் தடவி மறுபடி செருகுவதே எளிது. அதன் தலையில் பொருந்தும் சீட் கிளாம்ப் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கிற சாதாரணப் பொருள். அளவில் சிறிய தண்டு கிடைத்தால் சுற்றிலும் தகடு வைத்துப் பயன்படுத்தலாம். 0.2 மி.மீ. பெரியது கிடைத்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும், குழாயின் வாயை நெம்பி அதை இறக்கப் பார்க்க வேண்டாம்.